"சாப்பிட்டேன் டீச்சர்"

அன்புள்ள அக்கா,

உட்லண்ட்ஸில் எங்கள் வட்டாரத்து வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே துணைப்பாடம் நடத்துகிறோம். நாங்கள் ஐந்து தொண்டூழியர்கள். பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவதைப் பார்த்து, போன ஆண்டு முதல் ரொட்டியும் மைலோவும் கொடுக்கிறோம். 22 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். செலவு கூடியதால் ஒரு கடைக்காரரிடம் உதவி கேட்டோம். உண்மையிலேயே வசதி குறைந்தவர்களுக்குத்தான் போய்ச் சேருகிறதா என்று அவர் கேட்டார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டு வருமானம் கேட்டு ஒரு படிவம் கொடுத்தோம். இப்போது 13 பேர்தான் சாப்பிடுகிறார்கள். மற்ற ஒன்பது பேருக்கும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அதில் ஒரு பெண் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். எப்போது கேட்டாலும் "சாப்பிட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் பங்கை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமா?

"சிங்கப்பூரில் எவன் பட்டினி கிடக்கிறான்? கொடுத்துக் கொடுத்துப் பெற்றோரைச் சோம்பேறி ஆக்காதே" என்கிறார் என் மாமா. ஹலால் விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. பெரிய அமைப்பு எதிலாவது சேர்ந்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம் ஒரு பள்ளியில் பேசப் போயிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "உங்களுக்குப் புத்தகத்தில் எப்படி ஆர்வம் வந்தது?" என்று கேட்டாள். எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னேன். சின்ன வயதில் பள்ளி நூலகத்தில் உதவியாளராக இருந்தேன், அங்கே பிடித்தது இந்தப் பழக்கம் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. நான்காம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் மாமா. அவரோடு வாதாட வேண்டாம், ஒரு சனிக்கிழமை கூட்டி வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவச் சொல்லுங்கள். ஹலாலில் குழப்பமே இல்லை. ஹலால் சான்று உள்ள கடையில் வாங்கினால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிடலாம். கடலை ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று மட்டும் பெற்றோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். மற்றதைக் கேட்டிருக்கக் கூடாது.

அந்தப் படிவத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

22 பேர் சாப்பிட்ட இடத்தில் 13 பேர் சாப்பிடுகிறார்கள். ஒன்பது பேருக்குப் பசியில்லை என்று அதை எப்படிப் படிக்க முடிந்தது உங்களால்? ஒரே வாரத்தில் ஒன்பது வீட்டில் அரிசி வந்துவிட்டதா? படிவத்தைப் பார்த்ததும் ஒரு தகப்பன் வேலை இழந்ததை எழுத மனம் வராமல் அதை மடித்து வைத்திருப்பான். ஒரு தாய்க்கு அதைப் படிக்கவே தெரிந்திருக்காது. இன்னொரு பிள்ளை அதை வீட்டில் காட்டியே இருக்காது. கீழே புளோக்கில் ரொட்டி வாங்கித் தின்கிறாயா என்று அம்மா அழுவாளே என்று பயந்து அதைக் கிழித்துப் போட்டிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

1979ல் நான் தொடக்கநிலை நான்கு. அப்பா வீட்டில் இல்லை, அம்மா அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். பள்ளியில் எனக்குச் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள். நீலநிறச் சீட்டு, ஒரு நாளுக்கு ஒன்று. திங்கட்கிழமை காலையில் வகுப்பில் பெயர் கூப்பிடுவார்கள், எழுந்துபோய் வாங்க வேண்டும். கொடுத்த ஆசிரியை நல்லவர், சிரித்துக்கொண்டேதான் கொடுப்பார். இரண்டாவது வாரம் பக்கத்து பெஞ்சுப் பெண் கேட்டாள், "அது என்ன சீட்டு, எனக்கு மட்டும் ஏன் தரல?" அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, அவளுக்கும் ஒன்று வேண்டுமாம். அன்று இடைவேளையில் அந்த வாரத்துச் சீட்டு ஐந்தையும் கிழித்துக் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த கால்வாயில் போட்டேன். அடுத்த வாரம் பெயர் கூப்பிட்டபோது, "வேண்டாம் டீச்சர், அம்மா இப்ப காசு தர்றாங்க" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு என் பெயரை அடித்துவிட்டார்.

இப்போது இடைவேளைக்கு எங்கே போவது? கேன்டீனில் சும்மா உட்கார முடியாது, யாராவது கேட்பார்கள். குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். புத்தகங்களை அடுக்கினேன், அட்டையில் முத்திரை குத்தினேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆண்டு முடிவில் சிறந்த நூலக உதவியாளர் என்று பரிசு கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அவர் இறக்கும்வரை அது அங்கேதான் இருந்தது. நான் எதையும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதன்முதலில் சொல்கிறேன். உங்கள் துணைப்பாட வகுப்பில் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

"சாப்பிட்டேன்" என்கிறாளாம். வேறு என்ன சொல்வாள்?

யோசித்துப் பாருங்கள். நாம் ஒருவரைப் பார்த்தவுடன் கேட்பது "சாப்பிட்டாச்சா?" மலாய்க்காரர்கள் "சுடா மாக்கான்?" என்பார்கள். ஹொக்கியன் பேசும் கிழவிகள் "ஜியா பா புவே?" என்பார்கள். இந்த ஊரில் மூன்று இனமும் இப்படித்தான் நலம் விசாரிக்கிறது. மூன்று மொழியிலும் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இல்லை என்று சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம், சொன்னவருக்கு மானம் போகும். மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அப்புறம் பத்து வயதுப் பெண்ணிடம், மற்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, "சாப்பிட்டியா?" என்று கேட்டு, அவள் சொன்னதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, அவள் பங்கை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்கிறீர்கள். கொடுக்கக் கூடாது. அவளிடம் இனிமேல் கேட்கவும் கூடாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கல்வி அமைச்சின் உணவுத் திட்டத்தில் தகுதி பெறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஏழு வேளை, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்குப் பத்து வேளை கிடைக்கிறது. நாங்கள் பட்ட பாட்டுக்கு அது பெரிய விஷயம். இப்போது பல இடங்களில் சீட்டு போய் அட்டை வந்துவிட்டது, அட்டையைத் தட்டினால் யார் காசு என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதை யோசித்தவரை நான் வாழ்த்துகிறேன். ஆனால் அது பள்ளி நாளுக்கு. சனிக்கிழமை காலைக்கு அது கிடையாது. ஜூனில் நான்கு வாரம், ஆண்டு முடிவில் ஆறு வாரம் விடுமுறை, அப்போதும் கிடையாது. அத்திட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்பதால், உங்கள் 22 பேரில் குடியுரிமை இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால் அதற்குப் பள்ளி தனியாக ஏதாவது பார்த்துச் செய்தால்தான் உண்டு. நீங்கள் நிற்கும் இடம் அந்த இடைவெளி. அங்கேயும் ஒரு படிவத்தை வைத்தால் எப்படி?

2019ல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டபோது, பத்தில் ஒரு குடும்பம் ஓராண்டில் ஒரு முறையாவது போதிய உணவில்லாமல் இருந்தது தெரியவந்தது. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட இன்னொன்றுதான் மனதில் நின்றது. உதவி கேட்டுப் போகாதவர்கள் சொன்ன காரணங்களில் வெட்கமும் இருந்தது, நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகட்டும் என்ற எண்ணமும் இருந்தது. தேவை உள்ளவன்தான் இப்படி ஒதுங்குகிறான். உங்கள் படிவம் அவனைத்தான் முதலில் வெளியே அனுப்பும்.

டவுனர் சாலையில் இருக்கும் சீக்கியக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போய் உட்காருங்கள். தலையை மூடிக்கொள்ளச் சொல்வார்கள், அவ்வளவுதான். தட்டில் சப்பாத்தியும் பருப்பும் விழும். நீ யார், சம்பளம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கமாட்டார். நம் கோயில்களில் அன்னதானப் பந்தி மட்டும் என்ன, காரில் வந்தவரும் பேருந்தில் வந்தவரும் ஒரே வரிசையில்தானே இலையைப் பார்த்து உட்காருகிறார்கள்? தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அந்தப் பள்ளியில் படித்தால் போதும், உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும். இந்த ஊரிலேயே, போர் முடிந்த பஞ்ச காலத்தில், 1947ல் சமூக நலத்துறை பிள்ளைகளுக்கு உணவு நிலையங்கள் திறந்தபோது, உங்களைப் போன்ற தொண்டூழியப் பெண்கள்தான் கரண்டி பிடித்தார்கள். பின்னாளில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய கான்ஸ்டன்ஸ் கோ அவர்களில் ஒருவர். நீங்கள் புதிதாக எதையும் தொடங்கவில்லை, பழைய வேலையைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

தகுதியில்லாத பிள்ளை ஒன்று தின்றுவிட்டால் என்ன என்று கடைக்காரர் கேட்பார். இரண்டு துண்டு ரொட்டி. அதைத் தின்றுவிட்டுப் போகட்டும். வசதியான பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் வசதியில்லாத பிள்ளை தலைநிமிர்ந்து சாப்பிடும். அதை அவரிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் காசு வேண்டாம், ஐந்து பேரும் பகிர்ந்து போடுங்கள், குறைந்தால் எனக்கு எழுதுங்கள். படம் எடுத்துத் தரச் சொன்னால் அதுவும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பெரிய அமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'ஃபுட் ஃப்ரம் தி ஹார்ட்' 2003லிருந்து, கடைகளில் மிஞ்சும் ரொட்டியை எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மளிகைப் பையும் கொடுக்கிறது. இல்லாதவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் 'வில்லிங் ஹார்ட்ஸ்' சமையற்கூடத்தில் காய் நறுக்க ஆள் வேண்டும். இரண்டும் நல்ல இடங்கள். சேருங்கள், ஆனால் சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மக்சிக், மலாய்க்கார அம்மா, இருந்தார். நான் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பார். "சுடா மாக்கான்?" என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. "மாரி, மாக்கான்" என்பார், வா, சாப்பிடு. நான் பையை வைப்பதற்குள் சோறும் பொரித்த குனிங் மீனும் தட்டில் இருக்கும், எதிரே அவருடைய தட்டும் இருக்கும். அவருக்கு அப்போது உண்மையில் பசித்ததா, எனக்காகக் காத்திருந்தாரா, தெரியாது. நான் கேட்டதில்லை.

இந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் தட்டுகளை மேசையில் வைத்துவிடுங்கள், 22 தட்டு. நீங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து கூடவே சாப்பிடுங்கள். அந்தப் பெண் முதல் வாரம் தொடமாட்டாள், இரண்டாம் வாரமும் தொடாமல் இருக்கலாம். தட்டை எடுத்துவிடாதீர்கள், எதுவும் சொல்லவும் வேண்டாம்.

அவள் என்ன புத்தகம் படிக்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா