தம்பியின் மருந்துக் கம்பனியும் அக்காவின் அடகுத் துண்டும்

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் புதிய அமெரிக்கக் கம்பனியில் பங்கு வாங்க, மிச்சமிருக்கும் சங்கிலியையும் வைத்து 3 லட்சம் தரச் சொல்கிறாராம் தம்பி. "ஜெனென்டெக் மாதிரி வரும் அக்கா" என்று அங்குள்ள ஒரு பெரிய மருந்துக் கம்பனியைக் காட்டுகிறாராம். ஏற்கெனவே அவருடைய ஆட்டோவுக்கும் போன் கடைக்குமாக 4 லட்சத்துக்கு நகை அடகில். துண்டுகள் பிஸ்கட் டின்னுக்குள், கணவருக்குத் தெரியாது.

டீச்சர், ஜெனென்டெக் கதையைத் தம்பி பாதியில் நிறுத்திவிட்டார். 1976இல் ஸ்வான்சன், போயர் என்று இரண்டு பேர் ஆளுக்கு 500 டொலர் போட்டுத் தொடங்கியது, சரி. 1980 ஒக்டோபரில் 35 டொலருக்கு விட்ட பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88ஐத் தொட்டதும் உண்மைதான், ஆனால் அன்று சந்தை மூடும்போது 71 சொச்சம், உச்சியில் வாங்கியவனுக்கு முதல் நாளே நட்டம். அப்போது கையில் இருந்தது இன்சுலின் வேலை. புற்றுநோயில் பெயர் வாங்கிக் கொடுத்த ரிட்டுக்ஸிமாப் மருந்து இன்னொரு கம்பனியோடு சேர்ந்து 1997இல்தான் வந்தது, மார்புப் புற்றுநோய்க்கான ஹெர்செப்டின் அதற்கு அடுத்த வருடம். தொடங்கி 21 வருடம்! சுவிஸ் மருந்துக் கம்பனி ரோஷ் 2009இல் ஜெனென்டெக்கின் மிச்சப் பங்குகளை 46.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மனிதரில் சோதிக்கத் தொடங்கும் புற்றுநோய் மருந்துகளில் நூற்றுக்கு ஐந்து தேறினாலே பெரிது என்பதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் அடகுக் கடைக்காரர் மாதம் நூற்றுக்கு இரண்டரை வட்டி. 4 லட்சத்துக்கு மாதம் 10,000, இதையும் சேர்த்தால் 17,500. புதிய 3 லட்சத்துக்கு மட்டும் வருடம் 90,000, இருபத்தொரு வருடத்துக்கு 18,90,000, அதுவும் வட்டிக்கு வட்டி போடாமல். முதலைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 22 லட்சம், அதாவது பங்கு ஏழு மடங்குக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்குக் கை நட்டமில்லை. அதுவரை நகையை ஏலத்தில் விடாமல் கடைக்காரர் காத்திருப்பாரா?

இன்னொன்று, காசை வாட்ஸ்அப் குரூப் நடத்துபவரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார்களாமே. உங்கள் பெயரில் பதிவில்லாத பங்கு பங்கே இல்லை.

கம்பனியை விடுங்கள். தம்பி கேட்டதும் கை கழுத்துக்குப் போகிறதே, அதுதான் எனக்குக் கவலை. சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். வங்கி அடகில் வட்டி குறைவா என்று விசாரித்து, குறைவென்றால் ஆட்டோ, போன் கடை என்று வைத்த அந்த இரண்டு அடகையும் அங்கே மாற்றுங்கள். ஆட்டோவுக்காக வைத்த நகையின் வட்டியை ஆட்டோ உழைப்பிலிருந்து தம்பியே கட்டட்டும், கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், அந்த டின்னைக் கணவர் முன்னால் திறந்து வையுங்கள்.