சென்னையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று மாநகராட்சியில் தனி நிதி, தனி ஆட்கள் உண்டா?

நிதிக்குக் காகிதத்தில் வழி இருக்கிறது. ஆள்தான் இல்லை. தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன், என் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

2014-ல் மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள், அது ஸ்மார்ட் சிட்டி பணம். போய் நடந்து பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வயிறு எரிந்தது.

எங்கள் பக்கம் பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் பிளாட்பாரம். வடிகால் போடுகிறவருக்குத் தண்ணீர் ஓடினால் வேலை முடிந்தது. மேலே ஸ்லாப் ஒன்று தூக்கிக்கொண்டும் ஒன்று தாழ்ந்தும் கிடந்தால் அது அவர் கணக்கில் வராது.

எங்கள் தெருமுனையில் ஒரு மின்பெட்டி. டேப் வைத்து அளந்தேன்: பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (IRC) வழிகாட்டுதல். புகார் கொடுத்தேன். ஓர் அலுவலகம் 'எங்கள் பெட்டி இல்லை' என்றது. இன்னொன்று 'பெட்டி எங்களுடையது, இடம் அவர்களுடையது' என்றது. மூன்றாவதில் இருந்தவர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சார், வடிகாலுக்கு ஆள் இருக்கு, லைட்டுக்கு ஆள் இருக்கு. நடக்கிறவங்களுக்குன்னு யார் சார் இருக்கா?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். ஒரு வார்டு உதவிப் பொறியாளர் தலையில் சாலை, கட்டடப் புகார், மழை வந்தால் மோட்டார் பம்ப் என்று எல்லாம் விழுகிறது. பிளாட்பாரம் கடைசி வரிசை. மண்டலத்துக்கு ஒரு பொறியாளரை இதற்கென்றே போட்டு, அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் நடைபாதையைத் தோண்டவோ பெட்டி நடவோ கூடாது என்று வைத்தால் பாதி பிரச்சினை குறையும். வடக்கே திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று ஐந்து மண்டலம். ஐந்து பேர் சம்பளம் ஒரு மேம்பாலத்தின் பெயின்ட் செலவுக்குக் காணுமா?

சைக்கிள் கதை இதைவிட மோசம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அதை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கும் ஓரத்து மணலுக்கும் நடுவில் ஓட்டு என்று விட்டுவிடுகிறோம். தனி ஆள் இருந்தால், அந்த ஓரத்து மணலை வாரம் ஒருமுறை அள்ளவாவது வைப்பார்.

மின்பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகும் அப்பா, அந்த இடத்தில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்.