திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி: கேட்டதும் சொன்னதும்

திண்டுக்கல் தொகுதியின் தேர்தல் வரலாறு பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. தொடங்கும் முன் ஒன்று: தொகுதி எல்லைகளை மாற்றிய 2008 மறுவரையறைக்கு முந்தைய திண்டுக்கல்லும் பிந்தைய திண்டுக்கல்லும் பெயரில் மட்டும்தான் ஒன்று. நிலம் பெருமளவு வேறு.

கேள்வி: ஐயா, முதல் எம்.பி. யார்? எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

பதில்: அம்மு சுவாமிநாதன், 1952, காங்கிரஸ். பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் பிறந்தவர், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமிக்கு அம்மா. 1957-ல் குலாம் முகைதீன், அவரும் காங்கிரஸ். 1962-ல் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். காந்திகிராமத்தை நிறுவிய அதே சௌந்தரம் அம்மாதான். அதற்கு முன் சட்டமன்றத்துக்கு ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் ஜெயித்தவர், டெல்லி போய் கல்வித் துறையில் துணை அமைச்சராகவும் இருந்தார். முதல் மூன்று தேர்தலில் இரண்டு முறை பெண்ணை அனுப்பிய ஊர் இது. அதற்கப்புறம் 2024 வரை ஒரு பெண்கூட இங்கிருந்து போகவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: 1967-ல்?

பதில்: திமுக, அன்புச்செழியன். 1971-ல் மறுபடி திமுக, ராஜாங்கம். அவர் இறந்ததால் வந்ததுதான் எல்லோரும் பேசும் 1973 இடைத்தேர்தல்.

கேள்வி: அண்ணே, அந்த 1973 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். இரட்டை இலையை எம்.ஜி.ஆர். தேர்ந்தெடுத்தாரா, மாயத்தேவரா?

பதில்: மாயத்தேவர். எம்.ஜி.ஆர். அதிமுகவைத் தொடங்கியது 1972 அக்டோபர் 17. இடைத்தேர்தல் வாக்குப்பதிவு 1973 மே 20. ஏழு மாதக் குழந்தை. அங்கீகாரம் இல்லாத கட்சி என்பதால் சொந்தச் சின்னம் கிடையாது, சுயேச்சைகளுக்கு வைத்திருக்கும் பட்டியலில் இருந்து ஒன்றை எடுக்க வேண்டும். வேட்பாளரான கே. மாயத்தேவர் அதில் இரட்டை இலையை எடுத்தார், இதை அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர் அவர். ஜெயித்த பிறகு அந்த இலை கட்சியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தொகுதிக்காக எடுத்த சின்னம் ஒரு மாநிலத்தின் சின்னமானது.

வாக்கு: மாயத்தேவருக்கு 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். இரண்டாவது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ், என்.எஸ்.வி. சித்தன், சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம். ஆளுங்கட்சியான திமுக, பொன். முத்துராமலிங்கம், சுமார் 93 ஆயிரத்தோடு மூன்றாவது. இந்திரா காங்கிரஸ் வெகு தூரத்தில்.

கேள்வி: வெறும் சினிமா மயக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே, எதற்கு இவ்வளவு?

பதில்: முடிக்க முடியாது. சினிமா மட்டும்தான் காரணம் என்றால், எம்.ஜி.ஆருக்குப் போகாத ஓட்டு ஆளுங்கட்சியிடம் அப்படியே நின்றிருக்க வேண்டும். இரண்டாம் இடத்தைப் பிடித்தது காமராஜர் கட்சி. முதல் இரண்டு பேரும் ஆட்சிக்கு எதிரான வேட்பாளர்கள், இருவரும் சேர்ந்து 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அருகில். கட்சிக் கணக்கைக் கேட்டதற்காக எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்டார் என்ற பேச்சு டீக்கடை டீக்கடையாகப் போயிருந்தது. அவர் முகம் கூட்டத்தைச் சேர்த்தது உண்மை. ஆனால் வாக்காளர் கோபமும் அதற்குச் சமமாக நின்றது.

கேள்வி: (மேலே கேட்டவரே) காமராஜர் ஓட்டு அவருடைய பழைய ஓட்டு, அதை ஆட்சி எதிர்ப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. பழைய காங்கிரஸ் ஓட்டு அதில் பெரும்பங்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், மேலே சொன்னபடி 1967, 1971 இரண்டிலும் திமுகவை ஜெயிக்க வைத்த தொகுதி. இரண்டே வருடத்தில் அந்தக் கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. போன ஓட்டு எங்கே போனது? பெரும்பாலும் இலைக்குத்தான். அந்த ஓட்டைப் போட்டவர்கள் 1971-ல் உதயசூரியனில் குத்திய அதே கைகள். அவர்களை மயங்கியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, யோசித்துத்தான் போட்டார்கள்.

கேள்வி: மாயத்தேவர் பிறகு திமுகவுக்குப் போனார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1977-ல் அதிமுகவில் மறுபடி ஜெயித்தார். 1980 ஜனவரியில் திமுக வேட்பாளராக அதே திண்டுக்கல்லில் ஜெயித்தார். இரட்டை இலையை முதலில் ஏந்தியவர் உதயசூரியனிலும் வென்றார். அந்தத் தேர்தலில் திமுக, இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 37, அதிமுகவுக்கு இரண்டே இடம். நான்கே மாதம் கழித்து சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். திரும்ப ஆட்சிக்கு வந்தார். டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று நம் ஜனங்கள் பிரித்துப் போடுவது அன்றே தொடங்கிவிட்டது.

கேள்வி: சார், தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம்?

பதில்: பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931-க்குப் பிறகு வெளியிட்டதில்லை. சுற்றில் இருக்கும் சதவீதமெல்லாம் யாரோ எழுதிவிட்டது. அதை வைத்து நான் பேச மாட்டேன்.

கேள்வி: திண்டுக்கல் யாரிடமோ அவரிடம்தான் தமிழ்நாடு என்கிறார்களே?

பதில்: 1999-ஐப் பாருங்கள். மாநிலத்தில் திமுக, பாஜக கூட்டணிக்கு 26 இடம். திண்டுக்கல்லில் ஜெயித்தது அதிமுகவின் சி. சீனிவாசன். அவர் 1989, 1991, 1998, 1999 என நான்கு முறை. இடையில் 1996-ல் தமாகா, அதாவது தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் சித்தன். ஆமாம், 1973-ல் தோற்ற அதே சித்தன், 23 வருடம் கழித்து! பிறகு 2004, 2009 இரண்டிலும் காங்கிரஸில் ஜெயித்தார். இந்தத் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த கதை இவருடையது.

கேள்வி: 2004 வாக்குகளையும் 2009 வாக்குகளையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை தர முடியுமா?

பதில்: மேலேயே சொன்னேன். தொகுதிக்குள் வரும் சட்டமன்றத் தொகுதிகளைப் பாருங்கள்: 2004 வரை திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான், நிலக்கோட்டை, திண்டுக்கல், ஆத்தூர். 2009 முதல் பழநி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல். மதுரை மாவட்டப் பகுதி மொத்தமும் போய், பழநி மலை வந்தது. பழநி நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. வேடசந்தூர் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தும் கரூர் தொகுதியில் இருக்கிறது. இரண்டு வேறு ஊர்களின் வாக்கை ஒரே அட்டவணையில் போட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

கேள்வி: வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது, என்ன செய்ய?

பதில்: படிவம் 8, இல்லையென்றால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.

கேள்வி: 2019-ல் ஏன் அவ்வளவு பெரிய வித்தியாசம்? சாதிக் கணக்கா?

பதில்: சாதி பற்றி மேலே பார்க்கவும். வித்தியாசம் 5,38,972, அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகம். திமுகவின் வேலுச்சாமிக்கு எதிராக அதிமுக கூட்டணியில் நின்றது பாமக. வட மாவட்டத்துக் கட்சி, இங்கே மாம்பழச் சின்னம் பழக்கமில்லை. இலை பிறந்த ஊரில் வாக்குச்சீட்டில் இலையே இல்லை. அதே நாளில் நிலக்கோட்டை சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. அங்கே இலை இருந்தது, அதிமுகவின் தேன்மொழி ஜெயித்தார். ஒரே வாக்குச்சாவடியில் ஒரே வரிசையில் நின்றவர்கள்! கூட்டணிப் பங்கீட்டில் கட்சிக்காரர்கள் தொண்டனைக் கேட்காமல் தொகுதியை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: 2014?

பதில்: உதயகுமார், அதிமுக. 39-ல் 37 வாங்கிய வருடம்.

கேள்வி: 2009-ஐ 2004-உடன் ஒப்பிட்டால் காங்கிரஸ் வளர்ந்ததா?

பதில்: தம்பி, எல்லை மாறிவிட்டது. மேலே படியுங்கள்.

கேள்வி: கம்யூனிஸ்ட் எப்படி 2024-ல் ஜெயித்தது? இங்கே அவர்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: திண்டுக்கல் நகரில் பழைய வேர் உண்டு. சட்டமன்றத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் பாலபாரதி 2001, 2006, 2011 என மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்கு மட்டும் அந்தக் கட்சி இங்கிருந்து போனதே இல்லை, சச்சிதானந்தம்தான் முதல் ஆள். திமுக கூட்டணியின் பலம் இல்லாமல் நடந்திருக்காது. ஆனாலும் அந்தக் கட்சிக்காகச் சுவரெழுதிய வயதானவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: சாதிவாரியாக ஒரு பட்டியல் மட்டும்...

பதில்: இல்லை. மூன்றாவது முறை. அடுத்த கேள்வி 1952, 1957 பற்றி யாராவது கேளுங்கள், குலாம் முகைதீன் பற்றி இன்னும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.