ஆலமரம் பறக்குமா?

கேள்வி: "பணத்துக்கு ஆலாய்ப் பறக்கிறான்" என்கிறோமே, ஆலமரத்துக்கும் பறப்பதற்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, திருவான்மியூர்)

பதில்: மரத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஆலா என்பது கடற்பறவை. "ஆலாவாய்" என்பதுதான் பேச்சில் "ஆலாய்" என்று தேய்ந்தது. குளிர்காலத்தில் அடையாறு முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். கூரிய அலகைக் கீழே தாழ்த்தி, தண்ணீரையே பார்த்தபடி போகும், திரும்பும், ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும், சட்டென்று பாயும். மீன் தப்பினால் மறுபடி அதே சுற்று. அந்தத் தவிப்புதான் சொல்லில் ஏறியிருக்கிறது, எவ்வளவு கூர்மையான கண் நம் ஆட்களுக்கு!

கடற்காகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பருத்த உடம்போடு நீரில் மிதக்கும். ஆலா மெலிந்தது, பெரும்பாலும் வால் பிளவுபட்டிருக்கும். பள்ளிக்கரணைக்கு வரும் மீசை ஆலா தலைகுப்புற விழாமல், நீர்ப்பரப்பைத் தொட்டே இரையைக் கொத்தும்.

எழுதும்போது "டிக்கெட்டுக்கு ஆலாய்ப் பறந்தார்கள்" என நான்காம் வேற்றுமையோடு எழுதுங்கள். "ஆளாய்ப் பறந்தார்கள்" என்பது பிழை. ஒருவரின் சுறுசுறுப்பைப் பாராட்ட இது உதவாது. ஆசையும் பதற்றமும் கலந்த அலைச்சலுக்கு மட்டுமே பொருந்தும்.