கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

எனக்கு 48 வயது. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பதால் முதுகு இறுகிக் கிடக்கிறது. மூன்று மாதங்களாகக் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, செல்பேசியில் காணொளி பார்த்து ஹட யோகம் செய்கிறேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அகலம்தான் எனக்கான இடம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் என் விரல்கள் இன்னும் கணுக்காலைத் தாண்டவில்லை. பத்மாசனம் பழகத் தொடங்கியதிலிருந்து இடது முழங்கால் வலிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். குரு இல்லாமல் வீட்டில் செய்வது வீண், ஆபத்தும்கூட என்கிறார் கணவர். ஆறரைக்குக் குக்கர் வைத்தாக வேண்டும். வகுப்புக்குப் போக நேரமில்லை. தொடர்வதா, விட்டுவிடுவதா?

ச., கரூர்

அன்புள்ள ச.,

தொடருங்கள். ஆனால் பத்மாசனத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.

முழங்கால் கதவின் கீலைப் போன்றது. மடங்கும், நீளும், மடங்கியிருக்கும்போது மட்டும் சிறிது திரும்பும். பத்மாசனத்துக்கு வேண்டிய பெரிய திருப்பம் இடுப்பு மூட்டில் நடக்க வேண்டியது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் வெளிப்புறமாக உருள வேண்டும். அந்தக் கிண்ணத்தின் ஆழமும் அது பார்த்திருக்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு எத்தனை ஆண்டு பழகினாலும் எலும்பு அதற்குமேல் இடம் கொடுக்காது. அப்படிப்பட்ட காலைக் கையால் இழுத்து மறுதொடைமேல் ஏற்றினால், இடுப்பு தராத திருப்பத்தை முழங்காலிடம் கேட்கிறோம். உள்ளே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்குகிறது, கிழிவதும் உண்டு.

எனக்கு இது நடந்திருக்கிறது. முப்பத்தாறு வயதில், ஒரு பயிற்சி முகாமில், பின்னால் வந்து நின்ற பயிற்றுநர் என் முழங்காலைத் தரையை நோக்கி அழுத்தினார். உள்ளே ஏதோ தெறித்தது. அதன்பின் எட்டு மாதங்கள் படியிறங்கும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியர் பக்கத்தில் இருந்தாலே ஆபத்து விலகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று. உங்கள் கணவரின் அக்கறை நியாயமானது. அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

பத்மாசனம் இல்லாமல் யோகமா என்று தயங்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் ஹடயோக பிரதீபிகை என்ற யோக நூலை எழுதிய ஸ்வாத்மாராமர், சிவன் அருளியதாக 84 ஆசனங்களைக் குறிப்பிட்டு, அவற்றில் நான்கை முதன்மையானவை என்கிறார். பத்மாசனம் அந்த நான்கில் ஒன்று என்றாலும், முதலிடத்தைச் சித்தாசனத்துக்கே கொடுக்கிறார். நம் திருமூலர் சொல்லும் ஆசனங்களில் சுகாதனமும் இருக்கிறது. பெயரிலேயே சுகம் இருக்கிறது, பாருங்கள். பந்தியில் உட்காருவதுபோலச் சம்மணமிட்டு அமருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நின்றால், உட்காரும் இடத்தில் ஒரு போர்வையை நான்காக மடித்து வையுங்கள். அப்போதும் வலித்தால் நாற்காலியில் அமர்ந்தே மூச்சுப் பயிற்சி செய்யலாம். அதனால் பயிற்சியின் மதிப்பு கொஞ்சமும் குறையாது.

இனி உங்கள் விரல்கள். அவை கணுக்காலைத் தாண்டாதது ஒரு குறையே இல்லை. தொடையின் பின்பக்கத் தசைகள், நாம் உட்காரும் எலும்பில்தான் தொடங்குகின்றன. நாற்காலியிலேயே காலம் கழிக்கிறவர்களுக்கு அவை இறுகிப்போகின்றன. முழங்காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு குனியும்போது அத்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னால் பிடித்து இழுக்கின்றன. இடுப்பு முன்னால் சாய முடியாததால், கீழ்முதுகு கூன் போட்டு விரலைத் தொட முயல்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. நீங்கள் எந்த முதுகுக்காக யோகத்துக்கு வந்தீர்களோ, அதே முதுகைத் தினமும் காலையில் வதைக்கிறீர்கள். முழங்காலைத் தாராளமாக மடியுங்கள். வயிறு தொடையை நெருங்கும்படி இடுப்பிலிருந்து சாயுங்கள். கை எங்கே விழுகிறதோ, அங்கேயே இருக்கட்டும்.

காணொளிகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆசனத்தின் நடுவில் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவே கழுத்து வலிக்குப் போதும். அதைவிடப் பெரிய கேடு, திரையில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணின் வேகத்தை உங்கள் உடல் பின்தொடர்வது. யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கற்பித்தபோது, அதில் துள்ளலும் வேகமும் இருந்தன. 1950களில் சென்னைக்கு வந்தபிறகு, குடும்பத்தினருக்கும் நோயாளிகளுக்கும் அவரே தனித்தனியாக, அவரவர் வயதும் உடலும் பார்த்து, மெதுவாகக் கற்பித்தார். 1989இல் நூறு வயதில் மறையும்வரை, ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். திரைக்கு இந்தக் கண் இல்லை. உங்கள் முழங்காலை அது பார்க்கவில்லை.

வீட்டில் தனியாகச் செய்கிறவருக்கு அந்தக் கண்ணாக இருக்கக்கூடியது மூச்சு. ஆசனத்தின் வடிவம் சரியா என்று தெரியாமல் போகலாம். மூச்சு திணறுகிறதா என்பது யாருக்கும் தெரியும். கையை உயர்த்தும் முன் மூச்சு உள்ளே வரத் தொடங்கட்டும். பிறகு கை எழட்டும். கை மேலே போய் நின்றபிறகுதான் மூச்சு முடிய வேண்டும். இறக்கும்போதும் அப்படியே, வெளிமூச்சோடு. மூச்சு என்ற உறைக்குள் அசைவு அடங்கியிருக்க வேண்டும். எந்த இடத்தில் மூச்சு விக்குகிறதோ, தொண்டையில் அடைக்கிறதோ, அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு அங்குலம் திரும்பி வாருங்கள். யோகத்தைக் கெடுப்பவை என்று ஸ்வாத்மாராமர் ஆறு விஷயங்களைச் சொல்கிறார். முதலாவது மிகையாக உண்பது. அடுத்ததே மிகையாக முயல்வது. நான் முதல் பல ஆண்டுகள் இந்த வரியைப் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

உங்களுக்கென்று ஒன்று சொல்லட்டுமா? எழுந்தவுடன் உடல் விறைப்பாக இருக்கும். ஆகவே படுத்த நிலையிலேயே தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, உள்மூச்சோடு இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், வெளிமூச்சோடு திருப்பி வையுங்கள், ஆறு முறை. வெளிமூச்சில் முழங்கால்களை வயிற்றின் பக்கம் கொண்டுவாருங்கள். இடது கால் வலிப்பதால், கையை முழங்காலின் மேல் வைக்காமல் தொடையின் பின்பக்கத்தில் பிடியுங்கள். பாதங்களைத் தரையில் ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். பிறகு குப்புறப் படுத்துப் புஜங்காசனம்: கையால் தரையைத் தள்ளாமல், முதுகின் பலத்தால் மட்டும் நெஞ்சை ஒரு சாண் தூக்கினால் போதும். கடைசியாக எழுந்து நின்று, இரு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, முழங்கால் மடித்து, முதுகு நீளும்படி சாயுங்கள். தலை இதயத்துக்குக் கீழே போக வேண்டாம். அந்தக் குறுகிய இடத்துக்குக் கட்டில் இடைஞ்சல் என்று நினைத்திருப்பீர்கள். இதற்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது. ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதிப் பீரோ கதவில் ஒட்டிவிட்டு, செல்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தரையில் டைல்ஸ் இருந்தால் ஜமுக்காளம் வழுக்கும். நின்று செய்பவற்றை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்யுங்கள்.

கடைசியில் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் சவாசனத்தை விட்டுவிட்டுக் குக்கரை நோக்கி ஓடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆசனங்களில் ஒன்றைக் குறைத்தாவது அதற்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வாத்மாராமர் விளக்கும் ஆசனங்களில் சவாசனமும் ஒன்று. களைப்பை நீக்கும், மனத்துக்கு ஓய்வு தரும் என்கிறார். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். ஒருக்களித்து, உட்கார்ந்து, இரண்டு மூச்சு விட்டு, பிறகு எழுந்திருங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தரையிலிருந்து வேகமாக எழுந்தால் தலை சுற்றலாம்.

அதே காரணத்தால், மூச்சை உள்ளே அடக்கி வைப்பது வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளும் வேண்டாம். சிரசாசனம், சர்வாங்காசனம் இரண்டும் வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் வெகுவாக ஏறுகிறது. கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது கேடு. சிங்கத்தையும் யானையையும் புலியையும் எப்படி மெல்ல மெல்லப் பழக்குவார்களோ அப்படித்தான் மூச்சையும் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்குகிறவனையே அது கொன்றுவிடும் என்பது ஸ்வாத்மாராமரின் எச்சரிக்கை. இப்போதைக்கு வெளிமூச்சை உள்மூச்சைவிடச் சற்று நீளமாக விட்டுப் பழகுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். யோகம் செய்வதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. சாதகன் ஒரு சிறிய குடிலில் தனியாக இருந்து பழக வேண்டும் என்கிறது ஹடயோக பிரதீபிகை. அந்தக் குடிலின் அளவு, கதவு, மெழுகிய தரை வரை விவரிக்கிறது. உடனே, குரு காட்டிய வழியில் பழக வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த மரபு. நாள்தோறும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஆசிரியரிடம் போய், மேலே சொன்ன சிலவற்றைச் செய்து காட்டித் திருத்திக்கொண்டு வாருங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். முதல் நாளே உங்கள் மாத்திரையையும் முழங்காலையும் பற்றிக் கேட்கிறவராக அந்த ஆசிரியர் இருக்க வேண்டும். கேட்காமலேயே பாயை விரிக்கச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். யாரையும் உங்கள் காலை அழுத்த விடாதீர்கள்.

இரண்டு வாரம் பத்மாசனம் இல்லாமல் இருந்தும் முழங்கால் வலி குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம் இருந்தாலோ, மடக்கி நீட்டும்போது நடுவில் சிக்கிக்கொண்டாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்.