ஆறு மா நிலத்தை அடகு வைக்காதீர்கள், அம்மா

போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து மகளோடு வந்திருந்தீர்கள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த பெண். சென்னையில் இருக்கும் உங்கள் கொழுந்தனார், தனியார் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு எம்.எஸ்சி. சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். விடுதியோடு ஏழு லட்சம். அதற்காக உங்கள் ஆறு மா நிலத்தை, அதாவது சுமார் இரண்டு ஏக்கரை, அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். பதறாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. அடகு வைக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் படிப்புக்குப் புள்ளியியலும் கணிதமும் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டாம் என்று உங்கள் மகள் என் எதிரிலேயே சொன்னாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது ஏழு லட்சம் கடன் வாங்கக் காரணம் ஆகாது.

அவள் முகம் மலர்ந்தது ஒரே ஒரு இடத்தில்தான். மாமாவின் அரிசி ஆலையில் எடை மேடைச் சீட்டும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்த கணக்கும் ஒத்துப்போகாமல் இருந்ததை, எக்செல்லில் போட்டு எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடித்த கதையைச் சொன்னபோது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முழு வேலையாக இருக்கும் துறை ஒன்று உண்டு. அதற்கு ஒருங்கிணைப்பு, ஆங்கிலத்தில் இன்டக்ரேஷன் என்று பெயர். பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய நிறுவனத்தில் ஆர்டருக்கு ஒரு மென்பொருள், கிடங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று இருக்கும். ஒன்று பேசும் மொழி இன்னொன்றுக்குப் புரியாது. பத்து மென்பொருள்களை ஒன்றோடொன்று நேராக இணைக்கப் போனால் 45 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒரு ஒருங்கிணைப்பு சர்வரை வைத்தால் பத்தே போதும். கல்லணைக்கு வரும் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிறார்களே, அதுபோல வரும் தகவலைப் பார்த்து, எது எங்கே போக வேண்டுமோ அங்கே திருப்பிவிடும்.

நெல் கொள்முதலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் பார்க்க வேண்டும், 40 கிலோ மூட்டையாக எடை போட வேண்டும், பணம் வங்கியில் ஏற வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி மென்பொருளில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைக்கத் திருப்பு, சரியாக இருந்தால் எடைக்கு அனுப்பு, எடை முடிந்த பிறகே வங்கிக்குச் சொல். இந்த வரிசையைச் சர்வருக்குள் எழுதி வைப்பதற்கு ஆர்கெஸ்ட்ரேஷன் என்று பெயர். ஒவ்வொரு மென்பொருளோடும் பேசுகிற பகுதி அடாப்டர். ஒன்றின் வடிவத்தை இன்னொன்றின் வடிவத்துக்கு மாற்றுவது மேப்பிங். வங்கியின் சர்வர் அரைமணி நேரம் படுத்துவிட்டால் தகவல் தொலைந்துவிடக் கூடாது. வரிசையில் காத்திருந்து மறுபடி போக வேண்டும், அதே பணம் இரண்டு முறை ஏறிவிடவும் கூடாது. இந்தத் துறையின் உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. பொறுமையும் கணக்குப் பார்க்கும் கண்ணும் உள்ளவர்களுக்கே இது வரும். உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கிறது.

இப்படி ஒருங்கிணைக்கும் மென்பொருள்கள் பல உண்டு. மைக்ரோசாஃப்ட் 2000-இல் பிஸ்டாக் சர்வரைக் கொண்டுவந்தது. 2020 பதிப்பே அதன் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். பழையதைப் புதியதற்கு மாற்றும் வேலை இருக்கும், ஆனால் அதை மட்டும் சொல்லித்தரும் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அப்பாச்சி கேமல் 2007-இலிருந்து இருக்கிறது, ஜாவா என்ற நிரல் மொழியில் ஆனது, இலவசம். டபிள்யூஎஸ்ஓ2 நம் பக்கத்திலேயே, இலங்கையில் 2005-இல் தொடங்கியது. அதுவும் திறந்த மூலம்தான், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

இதைக் கற்றுக்கொள்ளச் செலவு என்றால் நல்ல லேப்டாப் ஒன்று, இணைய இணைப்பு. அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் ஜாவாவும், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லும். அப்புறம் தகவலை எழுதி அனுப்பும் வடிவங்களான எக்ஸ்எம்எல், ஜேசான், பிறகு கேமல். ஆறாவது மாதத்துக்குள் அதே ஆலையின் எடைச் சீட்டு தானாகக் கணக்கில் ஏறும்படி செய்து காட்டட்டும். நேர்காணலில் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை. வேலை விளம்பரங்களில் இன்டக்ரேஷன் டெவலப்பர் என்று தேடச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் பெரும்பாலும் சப்போர்ட் வேலைதான் கிடைக்கும். எங்கோ மாட்டிக்கொண்ட தகவலை ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். அதற்கும் உங்கள் வீட்டில் சம்மதம் வேண்டும், இப்போதே பேசிவிடுங்கள்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்கு உழவும் விதையும் உரமும் கையில் காசு கேட்கும். அந்த நேரத்தில் வட்டி கட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். மகளை அந்த எக்செல் கோப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.