கரிசல் காட்டில் பருந்துகளை எண்ணுவது எப்படி?

கேள்வி: விளாத்திகுளம் பகுதிக் கரிசல் நிலங்களில் குளிர்காலத்தில் வரும் இரைகொல்லிப் பறவைகளை மாணவர்கள் ஆறு பேருடன் கணக்கெடுக்க எண்ணுகிறேன். கையில் ஒரு ஜீப் இருக்கிறது. சாலையில் சென்று எண்ணினால் போதுமா?

பதில்: சில இனங்களுக்குப் போதும், அந்தியில் ஒரே இடத்தில் கூடி அடையும் பூனைப்பருந்துகளுக்குப் (harriers) போதாது.

முதலில் சாலையைப் பார்ப்போம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே தடத்தில், மார்கழி முதல் மாசி வரை, மாதம் மூன்று முறையாவது செல்லுங்கள். அதற்கு முன் வேண்டாம். மழை ஈரத்தில் கரிசல் வண்டிப்பாதையில் ஜீப்பை இறக்கியவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். பக்கத்துக்கு ஒருவர் பார்க்க, மூன்றாமவர் எழுதட்டும். காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் மண் சூடேறிவிட்டால், வெப்பக்காற்றில் ஏறிய பாம்புக்கழுகு வானில் வெறும் புள்ளியாகிவிடும். தரைமட்டத்தில் கானல் ஆடுவதால் பைனாகுலரும் உதவாது.

பறவையை முதலில் கண்ட இடத்துக்கும் சாலைக்கும் இடையே, சாலைக்குச் செங்கோணத்தில் உள்ள தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களிடமிருந்து 200 மீட்டர் தொலைவில், சாலையிலிருந்து 30 பாகை விலகி அது அமர்ந்திருந்தால், அத்தொலைவு 100 மீட்டர். வண்டி நெருங்கியதும் அது பறந்து போய் அமரும் இடத்தை அளப்பதே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஓர் இனத்துக்கு 60 முதல் 80 பதிவுகளாவது சேர்ந்தால்தான் இந்தத் தொலைவுகளைக் கொண்டு அடர்த்தியை, அதாவது சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்பதை, நம்பிக்கையோடு கணிக்கலாம். சேராவிட்டால், 100 கிலோமீட்டருக்கு இத்தனை என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையாகும்.

இம்முறையின் பெரிய ஓட்டை மின்கம்பம்தான். மரம் குறைந்த கரிசலில் கருந்தோள் பருந்தும் சிவப்பு வல்லூறும் சாலையோரக் கம்பங்களையும் கம்பிகளையும் தேடி வந்து அமர்வதால், அங்கே எண்ணியதை முழு நிலத்துக்கும் பெருக்கினால் கணக்கு ஊதிவிடும். எனவே, தார்ச்சாலையிலிருந்து அரைக் கிலோமீட்டராவது தள்ளி, வரைபடத்தில் கட்டம் போட்டு முன்கூட்டியே தேர்ந்த இடங்களில் 15 நிமிடம் நின்று எண்ணி, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றும் தென்படாத இடத்துக்கு 0 என்று எழுத மறக்க வேண்டாம். குப்பைமேட்டில் வட்டமிடும் கள்ளப்பருந்துகளைத் தனியே வையுங்கள். இல்லையேல் அவையே மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடும்.

பூனைப்பருந்துகளோ பகலெல்லாம் சிதறி வேட்டையாடிவிட்டு, அந்தியில் புல்வெளித் தரையில் கூட்டமாக அடைபவை. மாலை 5 மணியளவில் அவை எத்திசையில் போகின்றன என்று சில நாள் கவனித்தால் அடையும் இடம் பிடிபடும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இரு பக்கமும் ஆள் நிறுத்தி, இருட்டும்வரை எண்ணுங்கள். புல்லுக்குள் இறங்கிய பறவை சட்டென எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வேறிடத்தில் இறங்கும். ஆகவே இறங்கியவற்றையும் எழுந்தவற்றையும் தனித்தனியே குறித்துக் கழிக்க வேண்டும். சாம்பல் நிற ஆண்களை இனம் பிரிக்கலாம். பெண்ணையும் இளசையும் மங்கிய ஒளியில் பிரிக்க முயலாமல் ‘பழுப்பு’ என்று மட்டும் எழுதுங்கள். புல்லுக்குள் காலடி வைக்கவே கூடாது. மறுநாள் விடியுமுன் அதே இடத்தில் நின்று வெளியேறுபவற்றை எண்ணுங்கள். இரண்டு கணக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால், அன்று மாலையே மீண்டும் எண்ணிவிடுங்கள்.